வாலில்லாத மூன்றாம் வாத்து

அத்தியாயம் 6

பஹீஜா அழும்போதுகூட வருஷங்களைத் தப்பாகச் சொல்லமாட்டாள். எகிப்தின் லக்ஸரில் எத்தனையோ சுற்றுலா வழிகாட்டிகள் உண்டு. மூக்கைச் சிந்திக்கொண்டே, "அந்தச் சில்லு இருபதாம் வம்சம் டீச்சர், மூணாவது ராம்சேஸ் காலம்" என்று விக்கி விக்கிச் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

டாக்சியின் முன் சீட்டில் தஹானி டீச்சர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் மருந்துக் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். அதே பள்ளியில் வேன் ஓட்டிய ஷஹாத்தாவும் தன் பழைய டாக்சியோடு அவரிடம் வந்துவிட்டான். ஓட்டுநர், உதவியாளர், மேஜை துடைப்பவர் எல்லாம் அவன்தான். சம்பளத்தைவிடப் பேச்சு அதிகமாக வரும் ஆள்.

"இருபதாம் வம்சமா இருந்தா என்ன, இருபத்தஞ்சா இருந்தா என்ன? காணாமப் போச்சுல்ல, அதச் சொல்லும்மா" என்றான் ஷஹாத்தா.

அவள் சொன்னாள். நைல் நதியின் மேற்குக் கரையில் மன்னர்களுக்குக் கல்லறை குடைந்த தொழிலாளர்களின் பழைய குடியிருப்பு இருக்கிறதே, அங்கே போன வருஷத் தோண்டலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுண்ணாம்புக்கல் சில்லு கிடைத்தது. வேலை இல்லாத நேரத்தில் அந்தக் காலத்துக் குறும்புக்காரன் எவனோ அதில் மசியால் படம் போட்டிருந்தான். ஒரு பூனை இரண்டு காலில் நின்று, கையில் குச்சி பிடித்து, மூன்று வாத்துகளை மேய்க்கிறது. சில்லின் ஓரம் உடைந்துபோனதால் மூன்றாவது வாத்துக்கு மட்டும் வால் கிடையாது. படம் இன்னும் எந்தப் புத்தகத்திலும் வரவில்லை. பார்த்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

வெளிநாட்டுப் பேராசிரியர்கள் குழு ஒன்றுக்கு அதைக் காட்ட பஹீஜா தனி அனுமதி வாங்கியிருந்தாள். நேற்றுக் காலை காப்பறையிலிருந்து பெட்டியை எடுத்து நூறடி தள்ளியிருந்த கூடாரத்துக்குக் கொண்டுபோகும் முன், பதிவேட்டில் 'பொருள் சரியாக உள்ளது' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. யாருமே பார்ப்பதில்லை. முதலில் கையெழுத்து, பிறகு தேநீர், பிறகுதான் பெட்டி என்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். குழுத் தலைவர் வெயிலில் மயங்கி விழுந்தார், பேராசிரியர்கள் ஹோட்டலுக்கு ஓடினார்கள், பெட்டி திறக்கப்படாமலேயே மாலையில் திரும்பி வந்தது. மேற்பார்வையாளர் வஸ்பி மூடியைத் திறந்தார். உள்ளே பஞ்சு மட்டும் இருந்தது.

வஸ்பி அந்த இடத்திலேயே அவளுடைய உரிம அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இன்று மாலை நாலு மணிக்குக் கெய்ரோவிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். அதற்குள் சில்லு வராவிட்டால் போலீஸ் வழக்கு. அட்டை போனால், பஹீஜா தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த கோயில்களுக்குள் இனி டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும், அதுவும் ஜெயிலிலிருந்து வெளியே வந்த பிறகு.

டீச்சர் கண்ணைத் திறந்தார்.

"கையெழுத்துப் போட்டவங்கள விடு. கடைசியா அந்தச் சில்லக் கண்ணால பாத்தது யாரு?"

பதிவேட்டை பஹீஜா போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். இருபத்தைந்து நாளைக்கு முன் 'பார்த்தேன், சரி' என்று கோணல் எழுத்தில் ஒரு வரி இருந்தது. எழுதியவர் காவலாளி மஹரூஸ். நாலே நாளில் அவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார், இன்னும் திரும்பவில்லை. அதன் பிறகு எழுதியவர்கள் எல்லோரும் 'பெட்டி உள்ளது' என்றுதான் எழுதியிருந்தார்கள். பெட்டி இருந்தது உண்மைதான்.

"அப்போ மஹரூஸைத்தான் பாக்கணும்" என்றார் டீச்சர்.

ஷஹாத்தா ஸ்டியரிங்கைத் தட்டினான். "மெக்காவுக்கு இந்த வண்டி வராது டீச்சர். பெட்ரோல் பங்க்குக்கே மனசு வெச்சாத்தான் வரும்."

"ஆள் மெக்காவுல இருக்காரு. வீடு இங்கதான இருக்கு. எடு வண்டிய."

கரும்புத் தோட்டங்களைத் தாண்டியதும் வயல் நடுவே உட்கார்ந்திருக்கும் இரண்டு பெரிய கற்சிலைகளின் பக்கமாக வண்டி இருமிக்கொண்டே போயிற்று. அதில் ஒன்று முன்பெல்லாம் விடியற்காலையில் பாடும் என்றும், ரோமாபுரி ராஜா ஒருவர் ரிப்பேர் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டது என்றும் சொல்வார்கள். பஹீஜா அழுகைக்கு நடுவிலும் அந்த ராஜாவின் பெயரைச் சொல்லத்தான் செய்தாள். ஷஹாத்தா அதைப் பிடித்துக்கொண்டு, தன் வண்டியை மெக்கானிக்கிடம் விடாததற்கு இதுவே காரணம் என்றான். நன்றாக இருப்பதில் கை வைத்தால் இருக்கிற சத்தமும் போய்விடுமாம்.

மஹரூஸின் வீடு மலையடிவாரத்தில் இருந்தது. பழைய மண் வீடு. தெருவைப் பார்த்த சுவர் முழுக்க வெள்ளையடித்து ஹஜ் படம் எழுதிக்கொண்டிருந்தார்கள். போனவர் திரும்பி வருவதற்குள் சுவர் தயாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தெருவே சிரிக்கும். மேலே மஹரூஸின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. மெக்காவின் கஃபா இருந்தது, ஒட்டகம் இருந்தது, வாளேந்திய சிங்கம் இருந்தது. ஒரு விமானத்தின் ஜன்னல்களிலிருந்து ஆட்கள் கையை நீட்டி டாட்டா காட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணி மேல் நின்றிருந்த ஓவியர் அய்யாத் அதற்குக் கீழே ஒரு கப்பலுக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தார்.

"விமானத்துல போன ஆளுக்குக் கப்பல் எதுக்கு அண்ணே?" என்று ஷஹாத்தா கேட்டான்.

"எனக்குக் கப்பல் நல்லா வரும்" என்றார் அய்யாத், திரும்பிப் பார்க்காமல்.

ஷஹாத்தா சுவரை ரசித்தபடியே வாசற்பக்கம் வந்தான். கதவுக்கு வலப்புறம், இடுப்பளவு உயரத்தில் இருந்த ஒரு சின்னப் படத்தைப் பார்த்ததும் குனிந்தான். பிறகு குரலை இறக்கிக்கொண்டு கூப்பிட்டான்.

"டீச்சர். மெக்காவுல பூனை வாத்து மேய்க்குதா?"

பஹீஜா காரிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். குச்சி பிடித்த பூனை, வரிசையாக மூன்று வாத்து. விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். மூன்றாவது வாத்தில் விரல் நின்றது. அதற்கு வால் இல்லை. கத்தியால் வெட்டியதுபோல முதுகோடு கோடு முடிந்திருந்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அய்யாத் ஏணியிலிருந்து இறங்கி வந்து, அந்தப் படத்துக்குத் தான் பொறுப்பில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். முப்பது வருஷமாக எழுதுகிறார், வால் இல்லாமல் ஒரு பிராணியை எழுதியதில்லை. மஹரூஸ் புறப்படுவதற்கு முந்தின நாள் தானே கரியால் கோடு போட்டுவிட்டுப் போனாராம், இவர் வண்ணம் மட்டும் கொடுத்தாராம். பாவமாக இருக்கிறதே என்று ஒரு வாலைச் சேர்க்கப் போனால் வீட்டம்மா விடவில்லையாம். வால் முளைத்தால் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டேன் என்று ஹாஜி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாராம்.

ஷஹாத்தாவுக்கு வாயெல்லாம் பல். கையைத் தட்டித் தூசி உதறினான்.

"கேஸ் முடிஞ்சுது. காவலாளி மஹரூஸ்தான் திருடன். எடுத்தாரு, வித்தாரு, பாவத்தக் கழுவ மெக்காவுக்குப் போயிட்டாரு. ஏர்போர்ட்டுல மாலையோட போலீசையும் நிக்க வைக்கலாம்."

"திருடினவன் திருடின பொருளத் தெருச்சுவத்துல படமாப் போட்டு, பக்கத்துல தன் பேரையும் எழுதிட்டுப் போவானா?" என்றார் டீச்சர்.

"ஞாபகத்துக்குப் போட்டிருப்பாரு."

"நீ திருடினா என்ன செய்வ?"

"நான் டீச்சர் பேர எழுதிட்டுப் போவேன்" என்றான் ஷஹாத்தா.

மஹரூஸின் மனைவி ஸனிய்யா தேநீரும், வெயிலில் உப்ப வைத்துச் சுட்ட ரொட்டியும், பழைய பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வைத்தார். வந்திருப்பது யார், எதற்கு என்று கேட்காமலேயே சாப்பிடச் சொல்லும் பெண்மணி. டீச்சர் அவரிடம் சில்லைப் பற்றி மூச்சுவிடவில்லை. புறப்படுவதற்கு முந்தின வாரம் ஹாஜி என்னவெல்லாம் செய்தார் என்று மட்டும் கேட்டார்.

வேறென்ன செய்வார், எல்லா ஹாஜியும் செய்வதுதான் என்றார் ஸனிய்யா. வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். பதினோரு வருஷமாகப் பேசாத நாவிதரிடம் கேட்டார். பக்கத்து வீட்டுக் கழுதையை ஒருநாள் அடித்துவிட்டாராம், கழுதைக்காரர் ஊரில் இல்லாததால் கழுதையிடமே கேட்டார். ஆனால் மூன்று நாளாக ஒரு வாய் சாப்பிடவில்லை. கடைசி நாள் அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்துதான் இரண்டு ரொட்டி தின்றார்.

"பெரிய பாரம் எறங்கிருச்சு, சார் வாய் நெறைய மன்னிச்சுட்டாருன்னாரு" என்றார் ஸனிய்யா. "என்ன பாரம்னு நானும் கேக்கல. அந்த மனுஷனுக்குக் கழுதையே பாரமா இருந்துச்சு."

டீச்சர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சுவரருகே போய் விரல் முட்டியால் தட்டினார், தர்பூசணி வாங்குகிறவர்கள் தட்டுவதுபோல. கஃபா, ஒட்டகம், சிங்கம் எல்லாம் ஒரே மாதிரி சொத்தென்றன. பூனையின் வயிற்றைத் தட்டியபோது டொக்கென்றது. சுற்றியிருந்த சுவர் மேடும் பள்ளமுமாக இருக்க, அங்கே மட்டும் பூச்சு வழவழவென்று இருந்தது.

அய்யாத் பதறிப்போய்ச் சுவருக்கும் டீச்சருக்கும் நடுவில் வந்து நின்றார். டீச்சர் அவரைச் சமாதானப்படுத்திவிட்டு வஸ்பிக்குப் போன் செய்தார். சில்லு இருக்கும் இடம் தெரிந்துவிட்டது, கெய்ரோ அதிகாரியையும் கூட்டிக்கொண்டு நேராக இங்கே வாருங்கள் என்றார். பிறகு மறுபடி உட்கார்ந்து மிச்ச ரொட்டியைச் சாப்பிட்டார்.

காத்திருந்த நேரத்தில் பஹீஜாவால் சும்மா இருக்க முடியவில்லை. பதற்றம் வந்தால் அவளுக்குச் சரித்திரம் பொங்கும். அந்தத் தொழிலாளர் குடியிருப்பில் வருகைப் பதிவு எழுதிய கல் ஒன்று முன்பே கிடைத்திருக்கிறது என்று ஷஹாத்தாவுக்குச் சொன்னாள். யார் எந்த நாள் வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று அன்றைய எழுத்தர் சிவப்பு மசியில் குறித்திருக்கிறாராம். ஒருவனைத் தேள் கொட்டியது. ஒருவனுக்குக் கண் வலி. ஒருவன் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தான்.

"பீர் காய்ச்சுறேன்னா லீவு குடுத்தாங்களா?" ஷஹாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தான். "நம்ம ஆபீசுல தேள் கொட்டினாலே வண்டிய எடுன்னுதான் சொல்றாங்க."

டீச்சருக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்தார்.

நாலு முப்பத்தைந்துக்கு ஜீப் வந்தது. வஸ்பி இறங்கினார், பின்னாலேயே கறுப்புக் கண்ணாடி போட்ட கெய்ரோ அதிகாரி அம்மாள். வஸ்பி கெட்டவர் இல்லை, அதிகாரி, அவ்வளவுதான். சுவரில் பூனையைப் பார்த்ததும் அவருக்கு எல்லாமே விளங்கிவிட்டது. டீச்சர் வாய் திறப்பதற்குள் கெய்ரோ அம்மாளிடம் தானே வழக்கை விளக்கத் தொடங்கினார். காவலாளி திருடி வீட்டில் பதுக்கினான். வழிகாட்டி வெறும் பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டு அவனைக் காப்பாற்றினாள். இரண்டு பேரும் கூட்டு. ஒரு திருடன் என்று நினைத்தோம், இரண்டு பேர் மாட்டியிருக்கிறார்கள்.

உதவி செய்யப் போய் ஆப்பு வைத்தாகிவிட்டதோ என்று ஷஹாத்தா டீச்சரைப் பார்த்தான். பஹீஜா சுவரில் சாய்ந்துகொண்டாள். வருஷம் எதுவும் சொல்லவில்லை. ஸனிய்யா, தன் வீட்டு ரொட்டி இன்னும் தட்டில் இருக்கும்போது தன் வீட்டுக்காரரைத் திருடன் என்கிறார்களே என்று, தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஷஹாத்தாவுக்கு டீச்சர் மேல் முதல்முறையாகக் கோபம் வந்தது.

"போன் போட்டுக் குடுங்கம்மா உங்க வீட்டுக்காரருக்கு" என்றார் டீச்சர் ஸனிய்யாவிடம். "எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

தொழுகை முடிந்திருக்குமோ என்னவோ என்று முனகிக்கொண்டே ஸனிய்யா போட்டார். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. வஸ்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது தடவை, ஆயிரம் பேர் பேசும் இரைச்சலுக்கு நடுவில் மஹரூஸின் குரல் வந்தது. டீச்சர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, பூனைப் படம் போட்ட கல் எங்கே என்று நேராகவே கேட்டார்.

"வீட்டுச் செவுத்துல இருக்கு, பூனை வயித்துக்குள்ள. ஏன், என்ன ஆச்சு?" மஹரூஸுக்குத்தான் கவலை வந்தது. "வால் போட்டுட்டானா அந்த அய்யாத்து?"

வஸ்பி போனைப் பிடுங்காத குறையாகக் குனிந்தார். அரசாங்கப் பொருளை யாரைக் கேட்டு வீட்டுக்கு எடுத்துப் போனாய் என்று அதட்டினார்.

"யாரு, வஸ்பி சாரா? உங்களக் கேட்டுட்டுத்தான சார் வந்தேன்." குரலில் ஒரு துளி பயமில்லை. "காப்பறைப் பூட்டு சரியில்லன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தேன், ஆள் வரல. எனக்குப் பதிலா வர்றவன் உக்காந்தா தூங்கிருவான். அந்தக் கல்ல என் கையால எடுத்தேன் சார் குழியிலேந்து. அதான் பெட்டியில வுடாம செவுத்துல வெச்சுப் பூசிட்டேன். கடைசி நாள் வந்து உங்க மேஜை முன்னாடி நின்னு எல்லாத்தையும் சொன்னேன். கேக்காம எடுத்தது தப்பு, மன்னிச்சுருங்கன்னேன்."

"எங்கிட்டயா? எப்போ சொன்ன? நான் என்ன சொன்னேன்?"

"மன்னிச்சேன் மன்னிச்சேன், போயிட்டு வான்னீங்க. காதுல போன வெச்சுக்கிட்டு உங்க மக கல்யாணத்துக்கு மண்டபம் பேசிட்டு இருந்தீங்க. அப்புறம், கஃபாகிட்ட என் முட்டிக்கும் சேத்து வேண்டிக்கன்னீங்க. தெனம் வேண்டுறேன் சார். எப்புடி இருக்கு முட்டி?"

வஸ்பியின் வலது கை தானாகவே முழங்காலுக்குப் போயிற்று. அங்கே நின்ற அத்தனை பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். கெய்ரோ அம்மாள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்த்தார்.

"இப்ப கொஞ்சம் பரவால்ல" என்றார் வஸ்பி, மிகச் சின்னக் குரலில்.

ஊரில் யாரைக் குற்றம் சொல்ல முடியும்? ஹஜ்ஜுக்குப் போகிறவன் வந்து மன்னிப்புக் கேட்டால், எதற்கென்று கேட்பது மரியாதை இல்லை. அவன் வாயெடுக்கும் முன் மன்னித்தாயிற்று என்று சொல்வதுதான் பெருந்தன்மை. நாவிதரும் அப்படித்தான் சொன்னார். கழுதை ஒன்றுதான் முழுசாகக் கேட்டிருக்கும்.

அய்யாத் தன் வண்ணக் கத்தியால், கண்ணை மூடிக்கொண்டு, பூனையின் வயிற்றைக் கீறினார். பூச்சு உதிர்ந்தது. மண்ணில் குடைந்த குழிக்குள் ஒரு பிஸ்கட் டப்பா, டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் சில்லு. கெய்ரோ அம்மாள் அதைக் கையில் ஏந்தி வெளிச்சத்தில் பிடித்தார். எத்தனையோ தலைமுறைக்கு முந்தின பூனை அசராமல் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது வாத்து ஓரத்தில் நின்றது, வாலைப் பற்றிய கவலை இல்லாமல்.

"உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது டீச்சர்?" என்று ஷஹாத்தா காதோரம் கேட்டான்.

"ரெண்டு ரொட்டி தின்னாருன்னு சொன்னப்போ. பாரத்த எறக்கி வெச்சாருன்னா, வாங்கிக்கிட்டவரு ஒருத்தரு இருக்கணும்ல?"

வஸ்பி சட்டைப்பையிலிருந்து உரிம அட்டையை எடுத்தார். சட்டையிலேயே ஒருதரம் துடைத்தார். பஹீஜாவின் முன்னால் வந்து நின்று, அட்டையை நீட்டியபடியே, தரையைப் பார்த்து வேகமாகச் சொன்னார்.

"மன்னிச்சுரும்மா."

பழக்கதோஷம், பஹீஜாவின் வாய் திறந்தேவிட்டது. மன்னித்தேன் என்ற சொல் நுனிநாக்கு வரைக்கும் வந்ததை ஷஹாத்தாவே கண்ணால் பார்த்தான். பிறகு அவள் வாயை மூடிக்கொண்டாள். அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். நேற்று மாலையிலிருந்து முதல்முறையாக அவள் குரல் உடையாமல் வந்தது.

"எதுக்குன்னு மொதல்லேந்து சொல்லுங்க சார். நான் முழுசாக் கேட்டுட்டு மன்னிக்கிறேன்."

ஸனிய்யா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பஹீஜாவுக்குப் போட்டார். வஸ்பி கெய்ரோ அம்மாளைப் பார்த்தார். அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். வேறு வழியில்லாமல், தெருவே கேட்க, வஸ்பி பூட்டிலிருந்து ஆரம்பித்தார்.